கியர் விழவில்லை

ஷிஃப்டரில் 'டிக்' கேட்கிறது. செயின் நகரவில்லை.

ஒயர் தளர்வு. பத்தில் எட்டு முறை இதுதான்.

பின்சக்கரத்தருகே செயினை நகர்த்தும் டெரெய்லருக்குள் ஒயர் நுழையும் இடத்தில் கையால் திருகும் ஒரு சின்ன உருளை. பின்னாலிருந்து பார்த்து, இடஞ்சுழியாகக் கால் சுற்று. ஒரு டிக், ஒரு மிதி, பார். போதாவிட்டால் இன்னொரு கால். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகினால் எங்கே ஆரம்பித்தோம் என்பதே மறந்துவிடும்.

சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரியதுக்கு ஏறத் தயங்கினால் தளர்வு. பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் இறுக்கம், அல்லது ஒயரின் உறைக்குள் துரு. இரண்டுமே தயங்கினால் உருளையைத் திருகுவது வீண்.

புது ஒயர் நீளும் என்பார்கள். எஃகு அவ்வளவு சுலபமாக நீளுமா? உறையின் முனைகள் தொப்பிக்குள் போய் உட்காருகின்றன, அவ்வளவுதான். சில நாள் ஓட்டியதும் மறுபடி திருக வேண்டும்.

கடையில் 'உறை கொடு' என்று மட்டும் கேட்டால் பிரேக் உறையை வெட்டித் தந்துவிடலாம். சுருள் கம்பி. இழுத்தால் அமுங்கும். கியருக்கான உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். மாற்றிப் போட்டால் டிக் எல்லாம் கொழகொழ. அதைவிட மோசம், கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவது. அழுத்தி நிறுத்தும்போது பிளந்துபோகலாம்.

மே மாதம். தில்லியில் லூ என்னும் அனல்காற்று. ராஜஸ்தான் பக்கத்துப் புழுதி. பால்கனிக் கதவைச் சாத்திவைத்தாலும் செயினில் படலம்.

ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. பிறகு துணியால் துடை, துணி கறுப்பாவது நிற்கும்வரை. எண்ணெய்க்கு வேலை உள்ளே, கண்ணியின் பின்னுக்கும் ரோலருக்கும் நடுவில். வெளியே நிற்பது புழுதியோடு சேர்ந்து அரைக்கும்.

ஊரில் ஓவராலிங் என்றால் தகர டப்பாவில் மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ். தில்லி மண்ணெண்ணெய் இல்லாத நகரம் என்று பெயர் வாங்கிவிட்டது. இங்கே டீசலில் கழுவுகிறார்கள். நாற்றம் மாடிப்படி முழுக்க.

ஜனவரிக் காலை. ஷிஃப்டர் சும்மா போய் வருகிறது. டிக்கே இல்லை. உள்ளே பழைய கிரீஸ் பிசினாகி, சின்னக் கொக்கி பல்லைப் பிடிக்கவில்லை. புதுசு மாற்றச் சொல்வார்கள். முதலில் டபிள்யூ.டி.-40 அடித்து நெம்பிக்கொண்டே இரு. பிடித்துவிட்டால் மெல்லிய எண்ணெய்.

'21 கியர்' என்று ஸ்டிக்கர். முன்னால் மூன்று, பின்னால் ஏழு. பெருக்கினால் 21, சரி.

முன்னால் 42 பல், பின்னால் 28. வகுத்தால் 1.5. முன்னால் 24, பின்னால் 16. அதுவும் 1.5. ஒரே கியருக்கு இரண்டு பெயர்.

முதலாவதில் செயின் கோணலாக ஓடித் தேய்கிறது. இரண்டாவதிலும் கோணல்தான், எதிர்ப்பக்கமாக. அப்படி ஓடும்போது வரும் கடகடவுக்கு மருந்து திருகில் இல்லை.

சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு ஒரே கியர். மேம்பாலம் வந்தால் ரிக்‌ஷாக்காரர் இறங்கி, ஒரு கை ஹேண்டில் பாரில், ஒரு கை சீட்டில், தள்ளிக்கொண்டு ஏறுகிறார். பின்னால் இரண்டு பேரும் ஒரு கூலரும்.

டூர் டி பிரான்ஸில் 1937 வரை டெரெய்லருக்குத் தடை. போட்டியைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்குக் கியர் என்றால் இளக்காரம். அது 45 வயது தாண்டியவர்களுக்கு என்பது அவர் எண்ணம். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். ஒரு பக்கம் சமவெளிக்குப் பல், மறுபக்கம் மலைக்கு.

இத்தனைக்கும் மிதித்தவர்கள் அந்த வீரர்கள், அவர் அல்ல.

ஜண்டேவாலான் போகிற வழி. மெட்ரோ ஜன்னலில் 108 அடி அனுமன். இறங்கினால் சைக்கிள் மார்க்கெட். மொத்த விலைக்கு உதிரி வேண்டுமானால் சாந்தினி சௌக் பக்கம் எஸ்பிளனேட் ரோடு.

எதற்கும் மசியாத சைக்கிளைக் காட்டியதும் கடைப்பையன் செயினைத் தொடவே இல்லை. சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.

"டேடா ஹை."

கோணியிருக்கிறது. ஹேங்கர். டெரெய்லர் தொங்கும் சின்ன அலுமினியக் காது. ஃப்ரேமைக் காப்பாற்ற, தான் முதலில் வளைவதற்காகவே மெல்லிசாகச் செய்திருப்பது.

தில்லி வளர்ச்சி ஆணைய (டி.டி.ஏ.) ஃப்ளாட் மாடிப்படிக்குக் கீழே ஏழெட்டு வண்டிகள். சைடு ஸ்டாண்டில் சைக்கிள் இடப்பக்கம் சாயும். யாரோ ஸ்கூட்டரை எடுக்கும்போது அது வலப்பக்கம் விழும். டெரெய்லர் வலப்பக்கம். யார் என்று கேட்டுப் பயனில்லை. எடுத்து நிமிர்த்தியும் வைத்துவிடுகிறார்கள், மரியாதையாக.

அடையாளம்: சில கியர் ஒழுங்காக விழும், சில விழாது. எந்தத் திருகுக்கும் மசியாது.

ஹேங்கரின் மரை 10 மி.மீ. பல பின்சக்கர அச்சுகளின் மரையும் அதுவே. இன்னொரு சக்கரம் கையில் இருந்தால் அதன் அச்சை ஹேங்கரில் திருகி மாட்டு. இரண்டு சக்கரமும் சுற்றிலும் சம இடைவெளியில் நின்றால் நேர். இல்லாவிட்டால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெல்ல வளை.

யார் முதலில் கண்டுபிடித்தாரோ.

ஷிமானோ டிக் டிக் ஷிஃப்டரைக் கொண்டுவந்தது 1984-இல். அதற்கு முன் பெரும்பாலும் நெம்புகோல் எங்கு நிறுத்தினாலும் நிற்கும். காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்த வகையில் 'கியர் விழவில்லை' என்ற புகாரே கிடையாது.

தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை, பேருந்துக்கு விரைவுத் தடம் கொண்ட பி.ஆர்.டி. சாலை. 5.8 கி.மீ., 2008. சைக்கிளுக்குத் தனித்தடம். மோட்டார் சைக்கிள்கள் அதில் புகுந்தன. 2016-இல் மொத்தத்தையும் பெயர்த்தார்கள்.

சீராகத் துள்ளுகிறதா, செயின் ஒரு சுற்று வரும்போதெல்லாம்? ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி டெரெய்லரைப் பார். எங்கே குதிக்கிறதோ அந்தக் கண்ணி. பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் வளைத்தால் விட்டுக்கொடுக்கும்.

செயின் தேய்மானத்துக்குத் தையல் டேப் வேண்டாம், இரும்பு ஸ்கேல். பின்னுக்குப் பின் அரை அங்குலம். 24 பின் தள்ளி 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயின் மாற்று. எட்டில் ஒரு பங்கு என்றால் ஃப்ரீவீலும் போயிற்று.

தில்லியில் சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்கு மாநகராட்சி வைத்த உச்சவரம்பு 99,000. அதற்கு மேல் லைசென்ஸ் தரவில்லை. 2010-இல் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆமோதித்தது. காருக்கு அப்படி ஓர் எண் இருந்ததாகத் தெரியவில்லை.

டெரெய்லரில் அடுத்தடுத்து இரண்டு திருகு. எச், எல். கியரைச் சரிசெய்வது இவற்றின் வேலை இல்லை. எச் செயினைச் சின்னப் பல்லுக்கு வெளியே விழாமல் தடுக்கும். எல் பெரிய பல்லுக்கு உள்ளே போகாமல். எல் தளர்ந்திருந்தால் செயின் ஸ்போக்கில் மாட்டி டெரெய்லரையே பிய்த்துவிடும்.

எல் எதுவரை? பெரிய பல்லில் செயின் சுலபமாக ஏற வேண்டும். ஏறியபின் டெரெய்லரை விரலால் உள்ளே தள்ளினாலும் நகரக் கூடாது. அதுவரை.