அட்டையிலும் இருக்கிறது ஆட்டம்

பழைய வீடியோ கேம் சேர்ப்பவர்களின் அலமாரி சீக்கிரம் நிறைந்துவிடும். இடத்தை அடைப்பது பெரும்பாலும் கேசட்டைவிட அதன் அட்டைப்பெட்டிதான். "கேசட்டுதானேப்பா ஆடுது, அட்டை எதுக்கு? எடைக்குப் போட்டுடேன்" என்று என் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிண்டெண்டோவின் என்.இ.எஸ். கருவிக்கான கேம் ஒன்றின் பெட்டியைத் திறந்து பார்த்தால் கேசட்டை நிமிர்த்தி நிறுத்த அடியில் ஒரு தெர்மாகோல் கட்டை, தூசு படாமலிருக்க ஒரு கறுப்பு உறை, மெல்லிய கையேடு ஒன்று. கேசட்டைத் தவிர எதுவும் ஆடாது.

நம்மூரில் 90-களில் டிவி கேம் ஆடி வளர்ந்தவர்களுக்கு அம்மாவின் கட்சிதான் இயல்பானது. நமக்கு வந்தவை ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் கருவிகள். கேசட்டோடு கையேடு வரும் என்பதே தெரியாது. மரியோவையும் காண்ட்ராவையும் பக்கத்து வீட்டு அண்ணன்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். அந்த ஆட்டத்தில் ஒரு குறையும் எங்களுக்குத் தெரியவில்லை. இருந்தும் சொல்கிறேன்: பெட்டியை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். விலைக்காக இல்லை. அந்தக் கேம்களில் ஒரு பகுதி காகிதத்தில்தான் இருக்கிறது.

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். எட்டு உலகங்களும் இசையும் எதிரிகளும் அதற்குள் அடங்க வேண்டும். கதை சொல்ல ஏது இடம்? அதனால் கதை கையேட்டுக்குப் போனது. காளான் ராஜ்யத்து மக்களை எதிரிகள் மந்திரம் போட்டுக் கற்களாகவும் செங்கற்களாகவும் செடிகளாகவும் மாற்றிவிட்டார்கள் என்று கையேடு சொல்கிறது. திரையில் இதற்கு ஒரு சின்னக் குறிப்புகூடக் கிடையாது. பெரியவனான பிறகு அந்தப் பத்தியைப் படித்தபோது, சிறுவயதில் தலையால் முட்டி உடைத்த செங்கற்கள் எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கின. அத்தனை ஆண்டுகள் பாதிக் கதையில்தான் ஆடியிருக்கிறேன்.

சில கேம்களில் காகிதம் இல்லாவிட்டால் ஆட்டமே நகராது. 1990-இல் அமெரிக்காவில் வந்த ஸ்டார்ட்ராபிக்ஸ் அப்படிப்பட்டது. காணாமல் போன மாமாவைத் தேடி ஒரு பையன் தீவு தீவாகப் போகும் கதை. பெட்டிக்குள் அந்த மாமா எழுதிய கடிதம் நிஜக் காகிதத்தில் இருக்கும். ஒரு கட்டத்தில் அதைத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். நனைத்தால் 747 என்ற அலைவரிசை எண் எழும்பி வரும். நீர்மூழ்கிக் கப்பலில் அந்த எண்ணைப் போட்டால்தான் மேலே பயணம். கடிதம் இல்லாமல் கேசட்டை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்களும் பழையதாக வாங்கியவர்களும் அந்த இடத்தில் தவித்துப் போனார்கள். பின்னாளில் வீ கருவிக்கு இதே கேமைத் தரவிறக்கமாகத் தந்தபோது நிண்டெண்டோ மின்கையேட்டிலும் அந்தக் கடிதத்தை வைத்து, அதை நனைக்கவும் வழி செய்தது. 1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிடில் மெரில் என்ற பெண்ணை வானொலியில் அழைக்க வேண்டும். அலைவரிசை சிடி உறையின் பின்பக்கம் இருக்கிறது என்கிறார் கேமில் வரும் ஒருவர். கேமுக்குள் தேடித் தேடி அலுத்தவர்கள் கடைசியில் கையிலிருந்த உறையைத் திருப்பினார்கள். அங்கே ஒரு சின்னப் படத்தில் 140.15.

பெட்டி ஒரு காலத்தின் சாட்சியும்கூட. 1977-இல் வந்த அடாரி 2600-க்கு வேலை செய்யும் நினைவகம் 128 பைட் மட்டுமே. திரையில் தெரிந்தவை கட்டங்களும் கோடுகளும்தான். அதே கேம்களின் பெட்டி மேல் கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் டாங்கிகளையும் விமானங்களையும் உயிரோட்டமாக வரைந்தார்கள். அந்த ஓவியத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் கட்டங்களைப் பார்த்தார்கள். 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து வாங்குகிறவர்களின் நம்பிக்கை போன பிறகு, 1985-இல் உள்ளே நுழைந்த நிண்டெண்டோ தன் கறுப்புப் பெட்டிகளில் திரையில் தெரியும் புள்ளி உருவங்களையே பெரிதாக அச்சிட்டது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இடையில் நடந்த வரலாறு புரியும். கேசட்டுகளை மட்டும் வைத்தால் புரியாது.

செய்தவர்களின் பெயரும் காகிதத்தில்தான் தங்கியிருக்கிறது. நிரல் எழுதியவர்களின் பெயரை அடாரி வெளியிடவில்லை. அந்த மனக்குறையோடு வெளியேறியவர்கள் 1979-இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். அவர்களுடைய கையேட்டில் கேமை உருவாக்கியவரின் படம் இருக்கும், எப்படி ஆட வேண்டும் என்று அவரே சொல்லும் யோசனைகளும் இருக்கும். அவர்களுடைய பிட்ஃபால் கேமில் 20,000 புள்ளி எடுத்து, டிவி திரையைப் படம் பிடித்துத் தபாலில் அனுப்பினால் சட்டையில் தைத்துக்கொள்ளத் துணிச் சின்னம் வரும் என்ற அறிவிப்பும் கையேட்டில்தான் இருந்தது.

என்னிடம் இருக்கும் காகிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவிலிருந்து வந்த மெட்ராய்ட் என்ற கேமின் பழைய கையேடு. முனை மடங்கியது, பின் துருப்பிடித்தது. கடைசிப் பக்கத்தில் ஏதோ ஒரு பிள்ளை பென்சிலால் கடவுச்சொற்களை எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 24 எழுத்து. ஓர் இடத்தில் பூஜ்யத்தை ஆங்கில 'ஓ' எழுத்திலிருந்து பிரித்துக் காட்ட நடுவே கோடு கிழித்திருக்கிறது. இன்னோர் இடத்தில் ஒரு வரி முழுவதையும் அடித்துவிட்டுக் கீழே திருத்தி எழுதியிருக்கிறது. முதல் தடவை ஏற்காமல் போயிருக்கும். பென்சில் கோடு இருந்தால் சந்தையில் விலை குறையும். எனக்கோ அந்தக் கோடுகளால்தான் அந்தக் கையேடு மேலும் மதிப்புள்ளது. கேசட்டில் இருப்பது நிறுவனம் எழுதியது மட்டும். ஆடியவரின் கையெழுத்து காகிதத்தில் இருக்கிறது.

இதனால்தான் பிரிக்காத பெட்டி மேல் எனக்கு ஆசை வரவில்லை. 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் பிரிக்கப்படாத சூப்பர் மரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. தரம் பார்த்து எண் போட்டுக் கண்ணாடி போன்ற கூட்டுக்குள் அடைத்த பெட்டி அது. அதற்குள் இருக்கும் கையேட்டை யாராலும் படிக்க முடியாது. நனைக்காத கடிதமும் படிக்காத கையேடும் தங்கள் வேலையை இன்னும் தொடங்கவே இல்லை. போதாக்குறைக்கு, பெட்டியை இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் தாள் ஆண்டுகள் போகப் போகச் சுருங்கி அட்டையையே வளைத்துவிடும்.

எல்லாவற்றையும் அப்படியே உள்ளே வைத்திருப்பதும் பத்திரம் ஆகாது. கருவியின் பி.வி.சி. ஒயர் தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், ஒயரை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து தெர்மாகோலை உருக்கி ஒயரோடு ஒட்டிவிடும். சேகா சிடியின் உயரமான பெட்டிகளில் வட்டு அசையாமலிருக்க வைத்த பஞ்சு நாளடைவில் பொடிந்து வட்டின் மேல் படியும். சென்னை போன்ற கடலோர ஊரில் அட்டைக்கு ஈரம் ஒரு பகை, ராமபாணப் பூச்சி இன்னொரு பகை, வெயில் மூன்றாவது. நான் ஒயரைத் துணியில் சுற்றித் தனியே வைக்கிறேன். பஞ்சை எடுத்து எறிந்துவிடுகிறேன். பெட்டிகளைச் சுவரை ஒட்டாமல், ஜன்னல் வெளிச்சம் படாத அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடுக்குகிறேன்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் வைக்க இடம் இருக்காது. அப்படியானால் முதலில் கையேடு, வரைபடம், கடிதம் என எழுத்து உள்ள காகிதம் அத்தனையும் வையுங்கள். இவற்றுக்கு ஒரு கோப்பு போதும். அடுத்து அட்டைப்பெட்டி. அதையும் மடிப்பு வழியே கவனமாகப் பிரித்துத் தட்டையாக்கினால் பெரிய இடம் பிடிக்காது. தெர்மாகோலும் பிளாஸ்டிக் தாளும் கடைசி. அவை போனால் கேமில் ஒரு வரிகூடக் குறையாது. விற்க நேர்ந்தாலும் கேசட்டை ஒருவருக்கும் கையேட்டை ஒருவருக்கும் பிரித்து விற்காதீர்கள். அப்படிப் பிரிந்தவை மறுபடி சேர்வது அரிது.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. கேமுக்கே இந்த நிலை என்றால் அதன் காகிதத்தை யார் காப்பாற்றப் போகிறார்கள்? சேர்க்கிறவர்கள்தான். வைத்திருங்கள், திறந்து வைத்திருங்கள், கேட்கும் பிள்ளைக்குக் கையேட்டை எடுத்துக் கொடுங்கள்.