துவிச்சக்கர வண்டியும் யாமும்

கிளிநொச்சியிலிருந்து கண்டி வீதிவழியே பரந்தனுக்குச் சைக்கிள் மிதிக்கும் எமக்கு மோட்டார்ப் பெருமக்கள் இழைக்கும் இடர்கள் பல. வெள்ளைக்கோட்டுக்கு வெளியே செல்வோரையும் ஊதுகுழல் ஊதி ஒதுங்கச் சொல்வர். இன்னும் ஒதுங்கினால் வாய்க்காலே கதி. முந்திச் சென்ற மறுகணமே இடப்புறம் திரும்பி வழிமறிப்பர். நிறுத்திய வண்டியின் கதவைப் பின்னே பாராது திறப்பர். இரவிலோ எதிரே வருவோர் விளக்கைத் தாழ்த்தாமையால், குழி எது, கட்டாக்காலி மாடு எது என்றறியோம்.

முன்னர் நிலைமை வேறு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. மோட்டார்கள் மண்ணெண்ணெயில் இருமியபடி ஓடின. நெல்மூடையும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றனர். டைனமோவைச் சுழற்றியே வானொலியும் கேட்டோம். 2009இல் போர் முடிந்தபின் வீதி செப்பனிடப்பட்டது. உடன் வேகமும் வந்தது.

அண்மையில் எம்மை வாய்க்கால்வரை விரட்டிய காரொன்று பரந்தன் சந்தித் தேநீர்க்கடை வாயிலில் நிற்கக் கண்டோம். இரண்டு வார்த்தை கேட்டுவிடுவதென்று அணுகினோம். இறங்கியவர் எம் வகுப்புத் தோழர்! அந்நாளில் எமது சைக்கிள் பாரில் அமர்ந்து கல்லூரிக்கு வந்தவர்.

“அட, நீரே! நீர் எண்டு தெரிஞ்சிருந்தால் ஹோன் அடிச்சிருக்க மாட்டன்” என்றார்.

தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். ஆயினும் அச்சொல் எம்மை விட்டகலவில்லை. தெரியாதவராயின் வாய்க்காலில் விழலாமோ? இன்றும் காலைதோறும் மாணவர் அவ்வீதியோரம் மிதித்துச் செல்கின்றனர். மோட்டார் ஏறிய பழைய மாணவர் அவர்களையும் தெரிந்தவராகவே கொள்வாராக.