பழைய உழவு இயந்திரமும் மறைத்து விற்ற குறையும்

பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்தும் காலம் நெருங்கினால், நமது கிழக்கிலங்கை ஊர்களில் பழைய உழவு இயந்திரங்கள் கைமாறத் தொடங்கிவிடும். புதியது வாங்க வசதியற்றவர்கள் மெஸி பேர்கசன் 35, 135 போன்ற பழைய மெஸின்களையே நாடுகின்றனர். 135 ரகம் 1964இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அவை சேற்றில் இறங்கி உழுகின்றன என்றால், செய்தவர்களின் கைத்திறனுக்கு அதுவே சாட்சி. ஆனால் வாசகர்களே, இம்மெஸின்களில் இரண்டு குறைகள் உண்டு. விற்பவரின் முற்றத்தில் அவை தலைகாட்டமாட்டா. வயலில் இறங்கிய பிறகே வெளிப்படும். ஒன்று கிளச்; மற்றது கலப்பையைத் தூக்கும் ஹைட்ரோலிக் லிப்ட்.

ஒரு மௌலவிக்குக் கிளச்சில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பிக்ஹ் கிதாபுகளில் வியாபாரப் பாடத்தில் ‘ஐப்’ எனும் குறை பற்றி ஓதிக்கொடுக்கும்போது ஒட்டகமும் குதிரையுமே உதாரணங்களாக வருகின்றன. நமது மாணவர்கள் ஒட்டகத்தைக் கண்டதில்லை. ட்ரக்டரை நாள்தோறும் காண்கிறார்கள்.

2023இல் என் தங்கையின் மகன் ஒரு 135ஐ வாங்கினான். தாயின் நகைகளை விற்ற காசு அது. டீசலுக்கு மக்கள் வரிசையில் நின்ற 2022இல் பல மாதங்கள் ஓடாமல் கிடந்த மெஸின் அது. காலையில் போய்ப் பார்த்திருக்கிறான். என்ஜின் நன்றாக இயங்கியது, லிப்ட் கலப்பையைச் சட்டென்று தூக்கியது, முற்றத்தில் முன்னும் பின்னும் ஓடியது. காசைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டான். முதல் நாள் வயலில் ஒரு மணித்தியாலம் உழுதிருப்பான். வரம்பில் ஏறும்போது என்ஜின் இரைகிறது, சில்லு நகரவில்லை. லிப்ட் லீவரை உயர்த்தினால் கலப்பை அரைவாசியில் நின்று நடுங்குகிறது.

“மாமா, இனி என்ன செய்யிற?” என்று சேற்றுக் காலோடு வந்து நின்றான்.

“மெஸினை அப்படியே விடு. இனி ஒரு சாலும் உழாதே” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

முதலில் இக்குறைகள் எப்படி ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். இம்மெஸினில் லிப்டுக்கான பம்ப் பின்பக்க வயிற்றுக்குள், கியர் ஒயிலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. ஏறத்தாழ 30 லீற்றர் ஒயில்; கியருக்கும் அதுவே, லிப்டுக்கும் அதுவே. ரொட்டரியைச் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டுதான் பம்பையும் இயக்குகிறது. ஆகவே பி.ரி.ஓ. லீவர் விலகியிருந்தால் லிப்ட் தூக்காது. அதைக் கவனியாமல் பம்ப் கெட்டுவிட்டது என்று மெஸினைக் கழற்றியவர்களும் உண்டு. உள்ளே பிஸ்டன் வளையமோ ரப்பர் சீலோ தேய்ந்திருந்தால், ஒயில் குளிர்ந்து தடிப்பாக இருக்கும்வரை கசிவு தெரியாது. சூடேறி இளகியதும் அழுத்தம் நழுவிவிடும். வழமையை விடத் தடிப்பான ஒயிலை ஊற்றினால் குறை இன்னும் சற்று நேரம் மறைந்திருக்கும். இதை அறிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எனவே வாங்கப்போகிறவர் ஒரு மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கிவிட்டு, பாரமான கலப்பையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். தூக்கிய நிலையில் என்ஜினை நிறுத்துங்கள். பழைய மெஸினில் கலப்பை மெல்ல இறங்குவது இயல்பு. ஓரிரு நிமிடத்தில் தரையைத் தொட்டால் உள்ளே கசிவு இருக்கிறது. என்ஜின் ஓடும்போது கலப்பை ஓயாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். ஒயில் கம்பியை உருவிப் பாருங்கள். பால் தேநீர் நிறமென்றால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எதைச் செய்தாலும் தூக்கிய கலப்பையின் கீழ் கையையோ காலையோ நீட்டாதீர்கள்.

கிளச்சுக்கு வேறு சோதனை. பிரேக்கை நன்கு இறுக்கி, உயர்ந்த கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விட்டால் என்ஜின் திணறி நிற்கவேண்டும். நிற்காமல் இரைந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகும். என்ஜினும் கியர்பெட்டியும் சேருமிடத்தின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சீல் தேய்ந்து கசியும் ஒயில் பிளேட்டை நனைக்காமல் வெளியேறுவதற்கே அத்துளை. மருமகனின் மெஸினில் அது துணியால் அடைக்கப்பட்டு, மேலே கிறீஸ் பூசப்பட்டிருந்தது. அது தானாக நடந்ததல்ல.

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்ததென்று வியாபாரி கூற, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என அன்னார் வினவினார்கள். அந்தத் துணியைக் கண்டபோது எனக்கு அந்த ஈரம்தான் நினைவுக்கு வந்தது.

விற்றவரிடம் சென்றோம். “பாத்துத்தானே வாங்கின? இருக்கிறபடிதான் வித்தேன்” என்றார். நமது ஷாபிஈ மத்ஹபில் இந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது. தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்றவர், ‘எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை’ என்று நிபந்தனையிட்டாலும் பொறுப்பு நீங்குவதில்லை. வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் குறையைக் கண்டவுடன் தாமதியாமல் கோரவேண்டும்; கண்ட பின்னும் பாவித்துக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். இனி ஒரு சாலும் உழாதே என்று நான் கூறியதன் காரணம் இதுவே.

அன்று என்னை அதிகம் வருத்தியவர் விற்றவரல்லர், ஊர் மெக்கானிக். மெஸினைக் கண்டதுமே, “இது எனக்குத் தெரியும். பிளேட்டும் லிப்டும் செய்யவேணுமென்று மூன்று மாதத்துக்கு முன்னமே சொன்னேன்” என்றார். “வாங்கப்போகிறவனிடம் ஏன் சொல்லவில்லை?” என்றேன். “அவர் என்னுடைய வாடிக்கையாளர், ஹஸரத்” என்றார். குறையை அறிந்த மூன்றாம் ஆளும் வாங்குபவரிடம் தெரிவிப்பது கடமை என்றே நமது உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது அவர் முகம் மாறியது. பிறகு விற்றவரின் முன்னால் வந்து உள்ளதைச் சொன்னவரும் அவரே. பழைய விற்பனையை முறித்து, குறைகளை வெளிப்படையாகச் சொல்லி, திருத்தச் செலவு குறைந்த விலைக்குப் புதிதாக ஒரு விற்பனை செய்துகொண்டார்கள்.

திருத்தம் மூன்று நாள் எடுத்தது. கிளச்சை மாற்ற மெஸினையே நடுவில் பிளக்கவேண்டும். முன் அச்சு ஆடுமாதலால் இருபுறமும் ஆப்பு இறுக்கவேண்டும். இல்லையேல் என்ஜின் ஒரு பக்கம் சாயும். பிளேட் ஒயிலில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. பிளேட்டை மட்டும் மாற்றி மூடினால் ஒரு போகத்தில் மீண்டும் அதே கதை. கசிந்த சீலையும் மாற்றினார்கள். பிளைவீலை லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். லிப்ட் மூடியைச் சங்கிலியில் தொங்கவிட்டு பிஸ்டன் வளையங்களையும் இறுகிப்போன ரப்பர் சீல்களையும் மாற்றி, வடியைக் கழுவி, புதிய ஒயில் விட்டார்கள். பம்ப் நன்றாகவே இருந்தது.

காசு வாங்காமல் மெக்கானிக் ஒன்று சொல்லிக்கொடுத்தார். போகம் முடிந்து மெஸினைக் கொட்டிலில் விடும்போது கிளச்சை முழுதாக மிதித்து, அப்படியே நிற்க ஒரு கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஈரத்தில் துருவேறி பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். தங்கை வேலிக் கதியாலொன்றை அளவாக வெட்டிக் கொடுத்தாள். யாரும் விறகென்று எடுத்துவிடாதபடி மருமகன் அதற்குச் சிவப்பு நிறம் பூசி வைத்திருக்கிறான்.