கூழாங்கல் கரையில் ஓர் இரவு

சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு காட் மீன் எண்ணெயை விழுங்கியவர்கள் நம் வாசகர்களுள் பலர் இருப்பர். ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதன்பின் நாவுக்குச் சிறிது சர்க்கரை, அருகில் அன்னையின் கண்டிப்பான பார்வை! அந்த எண்ணெயைத் தரும் மீன் எந்தக் கடலில் வாழ்கிறது, அதை எவ்வாறு பிடிக்கின்றனர் என்றெல்லாம் அந்நாளில் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஐம்பது வயதைக் கடந்த பின்னரே, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் ஒரு குளிர் இரவில் அம்மீனை உயிருடன் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

கெண்ட் மாவட்டத்தில் ஒரு பங்கில் சில மாதங்கள் பணியாற்றச் சென்றிருந்தோம். ஞாயிறுதோறும் இரண்டாவது வரிசையில் அமரும் முதியவர் ஒருவர் உண்டு. தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர். அக்டோபர் மாத இறுதியில், பள்ளி விடுமுறை வாரத்தில், பதின்மூன்று வயதுப் பேரன் அவரிடம் வந்திருந்தான். ஒருநாள் திருப்பலி முடிந்ததும் அவர் நம்மை அணுகி, “ஃபாதர், டஞ்சனெஸ் முனைக்கு எங்களுடன் ஒருமுறை வாருங்கள். எனக்கும் இவனுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும்” என்றார்.

வழக்கு இதுதான். காட் மீனுக்குப் போடும் இரை அன்று தோண்டிய புதுப்புழுவாக இருக்க வேண்டும் என்பது தாத்தாவின் கட்சி. கடையில் வாங்கும் உறைந்த இரையே போதும் என்பது பேரனின் கட்சி.

டஞ்சனெஸ் ஒரு விந்தையான நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் மணல் இல்லை; பழுப்பும் சாம்பலுமான கூழாங்கற்களே பரந்து கிடக்கின்றன. ஐரோப்பாவின் மிகப்பெரிய கூழாங்கல் வெளிகளுள் இதுவும் ஒன்று. மரமோ வேலியோ காணோம். பழைய இரயில் பெட்டிகளைக் கொண்டே அமைத்த வீடுகள் சில அங்கே நிற்கின்றன. பதினைந்து அங்குல அகலமே உள்ள தண்டவாளத்தில் ஓடும் சிற்றிரயில் ஒன்று 1928-ஆம் ஆண்டு முதல் இம்முனை வரை வருகிறது. கடல் கற்களைக் கொணர்ந்து சேர்க்கச் சேர்க்க நிலமுனை நீண்டுகொண்டே போவதால் கலங்கரை விளக்கங்களையும் புதிது புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1904-இல் திறந்த பழைய விளக்கமும், 1961-இல் எழுந்த புதியதும் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் பேருருவாக நிற்பவை இரண்டு அணுமின் நிலையங்கள். ஒன்று 2006-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. மற்றொன்று 2018-இலேயே மின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அவை இயங்கிய காலத்தில் வெளியேற்றிய வெந்நீரால் கடலில் ஓரிடம் கொதிப்பதுபோல் பொங்குமாம். அங்கே மீன்களும் பறவைகளும் திரளுமாம்.

இக்கரையில் கற்சரிவு செங்குத்தாக இறங்குவதால், கரையை ஒட்டியே கடல் ஆழமாக உள்ளது. அதனால் படகு இல்லாதவனும் கரையில் நின்றே ஆழ்நீர் மீனைத் தேட முடியும். குளிர்காலம் தொடங்கும்போது காட் மீன்கள் இரை தேடிக் கரையோரம் வருவது வழக்கம். அவற்றை நாடி, குளிரையும் மழையையும் பொருட்படுத்தாமல் தூண்டிற்காரர்கள் இங்கே வரிசையாக நிற்பார்கள்.

முதலில் இரை தேடும் படலம். முனைக்கு வடக்கே கிரேட்ஸ்டோன் என்னும் இடத்தில், கடல் வற்றும்போது அகன்ற மணற்பரப்பு வெளிப்படுகிறது. விடியற்காலையில் அங்கே சென்றோம். ஈர மணலில் ஆங்காங்கே சிறு மணற்சுருள்கள் குவிந்து கிடந்தன. அவை லக் என்னும் கடற்புழு விழுங்கி வெளியேற்றிய மணல். இப்புழுவில் இரு வகை உண்டு. ஒன்று வளைவான வளையில் வாழும் மென்மையான புழு. சுருளுக்குச் சிறிது தள்ளி ஒரு சிறு பள்ளமும் தெரிந்தால், இரண்டுக்கும் நடுவே தோண்ட வேண்டும். மற்றொன்று நேர்கீழாக ஆழத்தில் வாழும் கரும்புழு. அதன் மணற்சுருள் அழகாக வட்டமிட்டிருக்கும். இவ்விரண்டும் வெவ்வேறு இனங்களே என்று அறிவியலார் தெளிவாகப் பிரித்தறிந்தது 1993-ஆம் ஆண்டில்தான். இரை தோண்டுவோர் அதற்கு நெடுங்காலம் முன்பே அவற்றை வேறு வேறாகக் கண்டிருந்தனர் என்று பெரியவர் சிரித்தார்.

பல் வைத்த மண்வெட்டியால் பெரியவர் தோண்டத் தொடங்கினார். பத்துக் குழிகள் ஆவதற்குள் மூட்டுவலியால் முகம் சுருங்கிற்று. நாம் உதவ முன்வந்தோம். நம் முதல் முயற்சியில் புழு இரு துண்டானது. இரண்டாவது முயற்சியில் புழுவே இல்லை! ஒன்றரை மணி நேரத்தில் இருவருமாக முப்பது புழுக்கள் சேர்த்தோம். தோண்டிய குழி ஒவ்வொன்றையும் அவர் மூடிவிட்டே நகர்ந்தார். நம் விரல்கள் மஞ்சள் படிந்து, இரண்டு நாள் வரை நிறம் போகவில்லை. பேரனோ காரில் உறங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய புழுக்களும் ஊசிக்கணவாயும் கடையின் பனிப்பெட்டியிலிருந்து முந்தைய நாளே வந்து சேர்ந்திருந்தன.

மாலையில் கடல் மீண்டும் வற்றி ஏறத் தொடங்கியது. எட்டு மணிக்கு இரண்டு தூண்டிற்கோல்களை அருகருகே நிறுத்தினர். முள்ளும் ஈயக்குண்டும் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு இரையில் மட்டும். பெரியவரின் கோலில் காலையில் தோண்டிய புழு. பேரனின் கோலில் உறைந்த புழு. அதன் நுனியில் கணவாய்த் துண்டு.

காத்திருந்த நேரத்தில் பெரியவர் தம் கட்சியை எடுத்துரைத்தார். காட் மீன் இருண்ட, கலங்கிய நீரில் கண்ணை நம்புவதைவிட மோப்பத்தையும், தாடையில் தொங்கும் ஒற்றைத் தாடியையுமே நம்பி இரை தேடுகிறது. புதுப்புழுவின் உடற்சாறு நீரில் சிறிது சிறிதாகக் கசிந்து மீனை அழைக்கிறது. உறையவைக்கும்போது புழுவின் உடலிலுள்ள நீர் பனித்துகள்களாகி உயிரணுக்களைக் கிழித்துவிடுகிறது. பனி உருகியதும் சாறெல்லாம் ஒரே மூச்சில் வடிந்து வெறுந்தோலே மிஞ்சுகிறது. “வீட்டில் உறைந்த இறைச்சியை உருகவைத்தால் தட்டில் சிவப்பு நீர் நிற்கிறதல்லவா, ஃபாதர்? அதே கதைதான்” என்றார்.

பேரனும் சளைக்கவில்லை. மென்புழுவுக்குத்தான் அந்தக் குறை என்றான். கரும்புழுவைக் குடல் நீக்கி, ஈரம் துடைத்து, செய்தித்தாளில் தனித்தனியே சுருட்டி, விரைவாக உறையவைத்தால் அது கெட்டியாகவே இருக்கும். உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது, அவ்வளவுதான். முள்ளில் ஏற்றியபின் மெல்லிய மீள்நூலால் சுற்றிவிட்டால் எறியும்போது சிதறாது. கணவாயோ உறைந்தாலும் உறையாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றே. “புயல் வீசும் வாரத்தில் யாராலும் தோண்ட முடியாது, தாத்தா. அப்போது என் பனிப்பெட்டியில்தான் இரை இருக்கும். உங்கள் முழங்காலும் தப்பிக்கும்” என்றான். பெரியவர் பதில் சொல்லவில்லை.

நள்ளிரவு நெருங்கியது. புதுப்புழுவில் வைட்டிங் என்னும் சிறுமீன்கள் ஏழு வந்தன. உறைந்த இரையில் நான்கு வைட்டிங்கும் ஒரு சிறு சுறாவும். ஓர் இரவின் கணக்கை வைத்து வழக்கைத் தீர்க்க இயலாது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரையை மாற்றியபோது நாம் கண்டது இது: புதுப்புழு சிறிதேனும் உடலோடு திரும்பிற்று, உறைந்த புழு வெளுத்த தோலாகத் திரும்பிற்று, கணவாய் மட்டும் போனபடியே வந்தது.

“காட் எங்கே?” என்று கேட்டோம். பெரியவர் நெடுநேரம் கடலையே நோக்கியிருந்தார். “சிறுவனாக நான் என் தந்தையுடன் இதே இடத்தில் நின்றபோது வெறுங்கையோடு திரும்பிய இரவுகளே அரிது. கடந்த மூன்று குளிர்காலமாக நான் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இவன் தன் வாழ்நாளில் உயிருள்ள காட் மீனைப் பார்த்ததே இல்லை. அதற்காகத்தான் வந்தேன், இரை வழக்கெல்லாம் ஒரு சாக்கு” என்றார், பேரன் காதில் விழாதபடி.

அவர் கூறியது அவருடைய துயரம் மட்டுமன்று. இம்மீனின் வரலாறே அத்தகையது. திருச்சபையின் நோன்பு நாள்களில் இறைச்சி விலக்கிய ஐரோப்பியக் குடும்பங்களைப் பல நூற்றாண்டுகள் உப்பிட்டும் உலர்த்தியும் ஊட்டிய மீன் இது. 1966-இல் வேல்ஸ் நாட்டின் பாரி கடற்கரையில் ஒருவர் கரையில் நின்றே இருபது கிலோவுக்கு மேற்பட்ட காட் மீனைத் தூண்டிலில் பிடித்தார். 1992-இல் கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன்வளம் அழிந்து, மீன்பிடிப்பைத் தடைசெய்ய நேர்ந்தது. முப்பதாயிரம் பேர் பிழைப்பை இழந்தனர். வடகடல் காட் மீனுக்கு 2017-இல் கிடைத்த வளங்குன்றா மீன்பிடிச் சான்று, இரண்டே ஆண்டுகளில், 2019-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2026-ஆம் ஆண்டில் வடகடலிலும் இந்தக் கால்வாய்ப் பகுதியிலும் காட் மீனை அறவே பிடிக்க வேண்டாம் என்று பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் 2025-இல் பரிந்துரைத்தது. மிகுதியாகப் பிடித்தது ஒரு காரணம். குளிர்நீரை நாடும் இம்மீனுக்குக் கடல் வெப்பமாகி வருவது மற்றொரு காரணம். ஒரு பெரிய பெண்மீன் பல இலட்சம் முட்டைகள் இடும். இட்டும் என்ன? குஞ்சுகள் பிழைக்க வேண்டுமே.

பதினொன்றரை மணிக்குப் பெரியவரின் கோல் இருமுறை தலையசைத்தது. அவர் எழ முயன்றார், முழங்கால் இடங்கொடுக்கவில்லை. “நீ இழு” என்றார் பேரனிடம். விளக்கொளியில் கற்களின்மேல் வந்து கிடந்தது ஒரு மீன். பச்சையும் பழுப்புமான புள்ளிகள், பக்கவாட்டில் வெண்கோடு, தாடையில் ஒற்றைத் தாடி. அது காட்தான்! பையன் மூச்சுவிடவும் மறந்து நின்றான்.

அளவுகோலை வைத்தனர். முப்பத்தொரு சென்டிமீட்டர். முப்பத்தைந்துக்குக் குறைந்த காட் மீனை வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. யாரும் அதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. “முதலில் கையை நனைத்துக்கொள். உலர்ந்த கை அதன் மேல்தோலைக் கெடுக்கும்” என்றார் பெரியவர். பையன் நீரின் விளிம்பில் மண்டியிட்டு, இரு கைகளாலும் மீனைத் தாங்கிப் பிடித்தான். அது வாலை ஒருமுறை அசைத்தது. அடுத்த அலையில் மறைந்தது.

தீர்ப்பு என்னவென்று வீடு திரும்பும் வழியில் இருவரும் நம்மைக் கேட்டனர். புதிய இரையே சிறந்தது, ஆயினும் முறையாக உறையவைத்த இரையைப் பழிப்பதற்கில்லை என்றோம். எந்த இரையும் கடலில் இல்லாத மீனைக் கரைக்கு அழைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல நினைத்தோம். ஆனால் அன்றிரவு அதைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பின்னிருக்கையிலிருந்து பையன் கேட்டான்: “தாத்தா, நாளைக் காலை கடல் எத்தனை மணிக்கு வற்றும்? மண்வெட்டியை நான் பிடிக்கிறேன்.”

பெரியவர் நேரத்தைச் சொன்னார்.