அம்மாவுக்கு எத்தனை எழுத்து?

என் தாயார் பேச்சில் புழங்கிய சொற்களைப் பல ஆண்டுகளாகக் குறித்து வந்தேன். சொல்லும் பொருளுமாக இரு பத்திகளில் அவற்றை அச்சிட, கணினி பயிலும் மகள் சி மொழியில் ஒரு நிரல் எழுதித் தந்தாள். ஆங்கிலச் சொற்களை இட்டபோது பத்தி நூல் பிடித்தாற்போல் நின்றது. தமிழ் வந்ததும் கோணிற்று. கவனமில்லாமல் செய்திருக்கிறாய் என்று உறவினர் முன்னிலையில் கடிந்துகொண்டேன்.

அவள் வாதிடவில்லை. மறுநாள் ஒரு தாளில் ‘அம்மா’ என்றெழுதி, “இதில் எத்தனை எழுத்து, அப்பா?” என்றாள்.

“அ, ம், மா. மூன்று.”

“யூனிகோடுக்கு 5. பிரின்ட்எஃப்புக்கு 15.”

பிரின்ட்எஃப் என்பது சி மொழியின் நூலகத்தில் உள்ள, அச்சிடும் செயற்கூறு. தரப்பட்ட வடிவத்தை அது இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும். விழுக்காட்டுக் குறி வரும்வரை கண்டதை அப்படியே பஃபரில் சேர்க்கும். குறி வந்ததும் அதற்குரிய மதிப்பை எடுத்து, கேட்ட அகலத்துக்குக் குறைந்தால் வெற்றிடமிட்டு நிரப்பும். அந்த அகலத்தை அது பைட்டுகளில் எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 20 இடம் கேட்டால் ‘அம்மா’வுக்குப் பின் 5 வெற்றிடம், ‘பூ’வுக்குப் பின் 14.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் உருவாக்கிய பி மொழியிலிருந்து சி மொழிக்கு வந்தது இது. சி வளர்ந்த சூழலில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதுமானதாயிருந்தது. 1995இல் அகன்ற குறியீடுகளுக்கென டபிள்யூபிரின்ட்எஃப் தரத்தில் சேர்ந்தது. அதுவும் ‘அம்மா’வை 5 என்றே எண்ணும். 1999இன் தரத்தில் வந்த எஸ்என்பிரின்ட்எஃப், நினைவக எல்லையை மீறி எழுதாதபடி அளவு கேட்டது. அந்த அளவும் பைட்டே. இடம் போதாவிடில் தமிழ் எழுத்தை நடுவில் அறுத்துவிடக்கூடும்.

யூடிஎஃப்-8ஐ 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவரும் அதே தாம்சன்தான். பழைய செயற்கூறுகள் மாறாமலே உலக எழுத்துகளைக் கடத்தும்படி அதை அமைத்தார்கள். தமிழ் இன்னதென்று அறியாமலே அதைச் சிதைக்காமல் கொண்டு சேர்க்கிறது பிரின்ட்எஃப்; பத்தி கோணுவதும் அந்த அறியாமையால்தான்.

கட்டளைக் கலித்துறைக்கு ஒற்றை நீக்கி எழுத்தெண்ண வேண்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன் நான். அக்கணக்கில் அம்மாவுக்கு இரண்டே எழுத்து. எதை எண்ணுகிறோம் என்று தெளியாமல் எண்ணிக்கையைப் பிழை என்னக்கூடாது என்பேன். மகளிடம் அதை மறந்துபோனேன்.

எழுத்தெண்ணி நிரப்பினாலும் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலமல்லவே என்று, சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கோடு மட்டும் இட்டுத் தந்தாள். பத்தியின் சிக்கல் தீர்ந்தது. ஆனால் நான் கடிந்தது பலர் முன்னிலையில், வருந்தியது தனிமையில். அதை நேர்செய்யவே இங்கே எழுதுகிறேன்.