அறுவடைக் காலமும் லாரி வாடகையும்



குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அல்லாஹ் திருமறையின் 106ஆம் அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். மக்தப் பிள்ளைகளும் மனனம் செய்துள்ள அத்தியாயம் அது. குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் அவ்வணிகக் கூட்டங்கள் சென்றதாக விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். சரக்கு பருவத்தின் பின்னால் செல்லும் என்பது அன்றைய ஒட்டகங்களுக்கு மட்டுமல்ல, தொழுதூர் வழியே இரவு பகலாக ஓடும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை லாரிகளுக்கும் பொருந்தும்.

நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சின்ன வெங்காயம் ஒரு வகையில் பாக்கியம் பெற்றது. அதனால் காத்திருக்க முடியும். விலை சரிந்தால் விவசாயி அதைக் காற்றோட்டமான பட்டறையில் போட்டு வைத்து, விலை தேறிய பின் விற்கிறார். (தன் நிலத்து விளைச்சலைத் தானே சேமித்து வைப்பவர் பதுக்கல்காரர் ஆகமாட்டார் என்பதே ஹனஃபி அறிஞர்களின் கருத்து. இதைப் பலர் என்னிடம் கேட்டிருப்பதால் குறிப்பிடுகிறேன்.) ஆனால் மாம்பழத்துக்கும் வாழைக்கும் அந்த அவகாசம் இல்லை. பழம் காத்திருக்காது, லாரி காத்திருக்கும். அறுவடைக் காலத்தில் பேரத்தின் பலம் யார் கையில் இருக்கிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய என் பழைய மாணவர் ஒருவர், தம் சகோதரர்கள் இருவருடன் கூட்டாக முதலிட்டுக் குளிர்சாதன லாரி ஒன்றை வாங்கினார். தொட்டியம் பகுதி வாழை விவசாயி ஒருவருக்கு வாரம் இருமுறை சென்னைக்குச் சுமை ஏற்றுவதாக ஓராண்டுக்கு வாடகை பேசி முடித்திருந்தார். மே மாதத்தில் சேலத்து மாம்பழ வியாபாரி ஒருவர் ஏறக்குறைய இரு மடங்கு வாடகை தருவதாக அழைத்தார்.

"ஹஜ்ரத், சந்தை வாடகையே உயர்ந்துவிட்டதே, பழைய பேச்சில் நான் நிற்கத்தான் வேண்டுமா?" என்று அஸர் தொழுகைக்குப் பின் வந்து கேட்டார்.

வாடகை உயர்ந்ததற்குக் காரணம் யாருடைய பேராசையும் அன்று. ஒரு வட்டாரத்து மாம்பழம் முழுவதும் சில வாரங்களில் முற்றிவிடுகிறது. வண்டிகளோ குறைவு. திரும்பி வரும் வழியில் பெரும்பாலும் சுமை கிடைக்காது. அந்த வெறும் ஓட்டத்தின் டீசலும் போகும் வாடகையிலேயே அடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் வண்டிகள் பல சும்மா நிற்பது உண்மைதான். ஆனால் கழுவியும் வாடை போகாத பெட்டியில் மாம்பழம் ஏற்ற எவர் துணிவார்? வண்டிகளெல்லாம் மாந்தோப்புகளை நோக்கிப் போய்விடுவதால், ஆண்டு முழுவதும் காய்க்கும் வாழைக்காரரும் அந்த மாதங்களில் வண்டியின்றித் தவிக்கிறார்.

மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயிக்கும்படி மக்கள் வேண்டினர். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே புதிதாகப் பேசும் வாடகையில் பருவத்துக்கேற்ற உயர்வு குற்றமாகாது. பேசி முடித்த வாடகையின் நிலை வேறு. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது. "தம்பி, உங்கள் வண்டியை நம்பித்தான் அவர் தாரை வெட்டுகிறார்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. இரு மடங்கு வாடகை, அதிலும் மூன்று குடும்பங்களின் பங்கு என்றால், அது சிறிய தொகை அன்று. பிறகு சேலத்துக்காரருக்கு மறுப்புச் சொல்லிவிட்டார்.

பேச்சு வேறொரு பக்கம் திரும்பியது. டீசலை மிச்சப்படுத்த, இரவில் குளிர்விப்பானை நிறுத்திவிட்டு ஊர் நெருங்கும்போது மீண்டும் இயக்கும் ஓட்டுநர்கள் உண்டு. வெளியே தெரியாத மோசடி இது. லாரியின் குளிர்ப்பெட்டி சூடான பழத்தைக் குளிர வைப்பதற்கு அன்று, முன்பே குளிர்வித்த பழத்தை அந்நிலையில் காப்பதற்கே. வாழைக்கு 13, 14 டிகிரி செல்சியஸ் வேண்டும். மிகக் குறைந்தால் தோல் கறுக்கும், ஏறினால் வழியிலேயே பழுக்கத் தொடங்கிவிடும். கூலிக்குப் பொதுவாக வேலை செய்பவரிடம் பொருள் கெட்டால் அவர் பொறுப்பாளியா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகியோருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. தவிர்க்க முடியாத விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு அவர் ஈடு தரவேண்டும் என்பது மாணவர்களின் கருத்து. ஆனால் அவரே வேண்டுமென்று கெடுத்ததற்கு அவரே பொறுப்பு என்பதில் மூவரும் ஒன்றுபடுகின்றனர். குளிர்விப்பானை நிறுத்துவது இதில்தான் சேரும்.

இப்போது அவர் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வெப்பநிலைப் பதிவை விவசாயிக்கு அனுப்பிவிடுகிறார்.

அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது என்று சென்ற வாரம் கேட்டார். மே, ஜூன் மாதங்களுக்கு ஒரு வாடகை, பிற மாதங்களுக்கு வேறு வாடகை என்று இரண்டையும் முன்னரே தெளிவாகக் குறித்துக்கொள்ளலாம். தொகையும் காலமும் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் போதும். ரமலானில் பழத்தின் தேவை பெருகுவதால் அதற்கும் தனி வாடகை வேண்டும் என்றார். அப்படியானால் தேதியைப் பார்த்து எழுதச் சொன்னேன். 2016இல் ஜூன் மாதம், மாம்பழத்தோடு வந்த ரமலான், 2025இல் மார்ச்சுக்கே வந்துவிட்டது. ஆண்டுக்குப் பதினோரு நாள் அளவில் அது முன்னே நகர்கிறது, மாமரம் நகர்வதில்லை.