வடகாலுலு, வடகள்ளு

மேற்கு மாரேட்பள்ளியில் சித்தி வீட்டு டிவியில் காலைச் செய்திக்குக் கீழே தெலுங்கு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெலுங்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். 'வடகாலுலு' என்று ஒன்று போனது. மூச்சு விடுவதற்குள் 'வடகள்ளு' என்று இன்னொன்று. ஒரே சொல்லை இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டும் வேற வேறடா," என்றாள் சித்தி, கீரை ஆய்ந்துகொண்டே. "மொதல்ல போனது அனல்காத்து. அடுத்தது ஆலங்கட்டி. அது மத்தியானத்துக்கு, இது சாயங்காலத்துக்கு. மோரும் எடுத்துக்கோ, குடையும் எடுத்துக்கோ."

சித்தி கல்யாணமாகி செகந்திராபாத் வந்தவள். கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் ஊன்றிய பகுதி இது. இன்னும் அக்னி நட்சத்திரத்துக்கு நம்மூர்ப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கிறாள். ஆனால் மே கடைசியில் தொடங்கும் ரோகிணி கார்த்திக்குப் பயப்படுகிறாள். அந்த வெயிலில் கல்லுரலே வெடிக்கும் என்பது தெலுங்கு வழக்கு. கத்திரி முடிந்ததென்று நாம் மூச்சு விடும் நேரத்தில் இங்கே அது ஆரம்பிக்கிறது.

மே இரண்டாவது வாரம். பரேட் கிரவுண்டில் மெட்ரோ ஏறி பேகம்பேட்டையில் இறங்கினேன். பழைய விமான நிலையத்தை ஒட்டித்தான் வானிலை மையம். டிவியில் ஓடும் டிகிரிக் கணக்கு பிறப்பது இந்த மாதிரி இடத்தில், காலூன்றி நிற்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றுக்குள். பக்கமெல்லாம் ஜன்னல் கதவு மாதிரிப் பலகைச் சரிவுகள். தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் தெர்மாமீட்டர். வெயில் நேரே படாது, காற்று மட்டும் புகுந்து போகும். ஆக, 42 டிகிரி என்றால் நிழலில் 42. வெயிலில் நிற்பவன் தலைக்கு அந்த எண் பொருந்தாது. 1966 ஜூன் 2 அன்று இங்கே பதிவான 45.5 டிகிரியும் நிழல் கணக்குதான்.

சமவெளி ஊரில் வெப்பநிலை 40ஐத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வானிலைத் துறை 'வெப்ப அலை' என்று சொல்லும். அல்லது 45ஐத் தொட வேண்டும். ஹைதராபாத்துக்கு மே மாதத்தில் 39, 40 எல்லாம் வழக்கம். அதனால் உடம்பு வெந்துபோகிற பல நாட்கள் அந்தப் பெயர் கிடைக்காமலேயே கழிந்துவிடும். பெயர் கிடைத்த கோடைகளில் 2015 மிக மோசம். இந்தியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும்.

சென்னைக்காரன் இங்கே ஏமாறுவது வியர்வையில். நம்மூரில் சட்டை நனைந்து ஒட்டும், உடனே தண்ணீர் தேடுவோம். இங்கே தக்காணப் பீடபூமியின் காய்ந்த காற்று வியர்வையை அப்படியே குடித்துவிடுகிறது. சட்டை உலர்ந்தே இருக்கும். பத்தரை மணிக்குப் பையின் பட்டையைக் கழற்றியபோதுதான் தோளில் வெள்ளையாக உப்புக்கோடு விழுந்திருப்பதைப் பார்த்தேன். சாலையோரம் ஒரு சலிவேந்திரம் இருந்தது. நம் தண்ணீர்ப் பந்தல்தான். ஈரச் சாக்கு சுற்றிய மண்பானையில் மூன்று டம்ளர் குடித்தேன். பக்கத்தில் முஞ்சலு விற்றார்கள். நுங்குக்கு எந்தப் பேர் வைத்தாலும் நுங்குதான்.

அமீர்பேட்டையில் ரயில் மாறி மியாப்பூர். அங்கிருந்து ஆட்டோவில் பாச்சுபள்ளி.

அங்கே போனதற்குக் காரணம் உண்டு. 2024 மே 7 மாலை ஹைதராபாத்தில் பெய்த பேய்மழையில், கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றின் தடுப்புச்சுவர் இங்கே கூலியாட்களின் கொட்டகைகள் மேல் சரிந்தது. 7 பேர் இறந்தார்கள், அதில் ஒன்று நாலு வயதுக் குழந்தை. ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அதே மாதம் 26ஆம் தேதி சூறைக்காற்றில் தெலங்கானாவில் பத்துப் பேருக்கு மேல் போனார்கள். நாகர்கர்னூல் மாவட்டத்தில் கட்டி முடியாத கொட்டகைச் சுவர் விழுந்து மட்டும் நாலு பேர். 2025 ஏப்ரலில் மழைக்குச் சார்மினாரின் சுண்ணப்பூச்சு வேலைப்பாட்டில் ஒரு துண்டு உதிர்ந்ததை நாடே டிவியில் பார்த்தது. ஆட்கள் மேல் விழுந்த சுவர்களைப் பற்றி இரண்டு நாள் பேசினோம்.

பாதி எழும்பிய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவின் கடைசியில் தகரக் கொட்டகைகள். மணி இரண்டு. கூரைத் தகரத்தில் தெரியாமல் விரல் வைத்துவிட்டுச் சுரீரென்று எடுத்தேன். உள்ளே அரைமணி உட்கார முடியவில்லை. தகரம் காற்றில் பறக்காமலிருக்க மேலே செங்கல்லும் கருங்கல்லும் வைத்திருந்தார்கள். தகரம் பறந்தால் கல் எங்கே விழும் என்ற யோசனை எனக்கு ஓடியது. அண்ணாந்து பார்த்ததைக் கவனித்த பெண் சிரித்தாள். ஒடிசாவில் பலாங்கீர் பக்கமாம். இரண்டு பேருக்கும் அரைகுறை இந்தி.

"தூங்கும்போது தலையைக் கல் இல்லாத பக்கம் வைத்துக்கொள்வோம், பையா," என்றாள்.

வேலை நேரம் கேட்டேன். கோடையில் காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடுகிறார்களாம். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மேஸ்திரி ஓய்வு கொடுக்கிறார், வெயில் எச்சரிக்கைக்காக. அந்த மூன்று மணி நேரத்தை ஈடுகட்ட மாலை ஏழு வரை சாரத்தில் வேலை.

இது எனக்கு முள்ளாகக் குத்தியது. பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே வராதீர்கள் என்பது எல்லா வெப்ப எச்சரிக்கையிலும் இருக்கும் வரி, நல்ல வரிதான். ஆனால் அப்படி நகர்த்திய வேலை போய் உட்காரும் நேரம் நாலு முதல் ஏழு, கோடை இடி இறங்குகிற நேரம். ஒரே அறிக்கையின் முதல் பாதிக்குக் கீழ்ப்படிகிறவன் இரண்டாம் பாதியின் வாயில் போய் நிற்கிறான், அதுவும் ஆறாவது மாடி இரும்புச் சாரத்தில்.

இரண்டு பாதிகளும் உறவுக்காரர்கள்தான். ஏப்ரல், மே மாதங்களில் விதர்பா பக்கமிருந்து கர்நாடகத்தின் உள்பகுதி வழியாகத் தமிழ்நாடு வரை நீளும் காற்றழுத்தத் தாழ்வுக் கோடு ஒன்று அடிக்கடி அமைகிறது. வடமேற்கின் காய்ந்த அனலும் வங்கக்கடலின் ஈரமும் அதை ஒட்டி முட்டிக்கொள்கின்றன. பகலில் தரை கொதிக்கக் கொதிக்க அந்த ஈரக்காற்று மேலே மேலே ஏறிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயர மேகமாகிறது. பிறகு மழை இறங்கும்போது, கீழே இருக்கும் காய்ந்த காற்றில் துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகின்றன. அதில் காற்று சட்டென்று குளிர்ந்து கனத்துத் தரையில் வந்து மோதி நாலா பக்கமும் பாய்கிறது. மதியம் எவ்வளவு காய்ச்சியதோ, மாலைக் காற்று அவ்வளவு முரட்டுத்தனமாக வரும்.

நாலு மணிக்கு மேற்கே காலிஃபிளவர் மாதிரி ஒரு மேகம். அரைமணியில் அதன் தலை தட்டையாகி அடி கறுத்தது. டீக்கடைக்காரர் போனைக் காட்டினார்: அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை, ஓரிரு இடங்களில் இடி மின்னல், மணிக்கு 40 கிலோமீட்டர் வரை காற்று. நம் சென்னை அறிக்கையிலும் இந்த 'ஓரிரு இடங்களில்' வரும். கால்வாசி இடங்களுக்கு மேல் இராது என்பது துறையின் கணக்கு. நிற்கிற இடம் அந்தக் கால்வாசிக்குள் வந்துவிட்டால் கணக்கு நூற்றுக்கு நூறு. புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, அக்கம்பக்கத்தில் மின்னல் விழும் அபாயம் இருந்தால் எச்சரிக்கும். சாரத்தில் நிற்பவர்களின் போன்கள் கீழே கொட்டகையில் சார்ஜில் கிடந்தன.

முதலில் மண்வாசனை. பிறகு, யாரோ குளிர்பெட்டிக் கதவைத் திறந்த மாதிரி ஒரு வீச்சு. அதற்கப்புறம் தெருவே தெரியவில்லை, செம்மண் புழுதி. ஃப்ளெக்ஸ் ஒன்று கிழிந்து படபடவென்று அடித்தது. பெருங்கொன்றை மரத்தின் கிளை ஒடிந்து மின்கம்பியில் சாய, கரன்ட் போனது. சாரத்திலிருந்து ஆட்கள் சரசரவென்று இறங்கினார்கள். இரண்டு பேர் மரத்தடிக்கு ஓட, டீக்கடைக்காரர், "செட்டு கிந்த வத்து ரா!" (மரத்தடி வேண்டாம்டா) என்று தொண்டை கிழியக் கத்தி உள்ளே இழுத்துப்போட்டார். பிறகு கடையின் தகரத்தில் டங், டங் என்று விழுந்தது. கொட்டைப்பாக்கு அளவு ஆலங்கட்டி. ஒன்று உருண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வடகள்ளு.

நாற்பது நிமிஷம். அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது உடம்பு நடுங்கியது. கொட்டகை வரிசையில் மூன்றாவதற்குக் கூரையில் பாதியில்லை. தகரம் எதிர்மனையில் கம்பிக்குவியல் மேல் கிடந்தது. யாருக்கும் அடியில்லை. உள்ளே அரிசி மூட்டையும் பாயும் ஊறிப்போயிருந்தன. பலாங்கீர்ப் பெண் தகரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இன்னொரு முனையை நான் பிடித்தேன். மதியம் விரலைச் சுட்ட அதே தகரம், ஜில்லென்று இருந்தது. தூக்கிவைத்து, சிதறிய கற்களைப் பொறுக்கி மேலே அடுக்கினோம்.

"நாளைக்கு இருக்கா, பையா?" என்றாள்.

போனைத் திறந்து பார்த்தேன். நாளைக்கு 41 டிகிரி. மாலையில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை. சொன்னேன். அவள் மகனைக் கூப்பிட்டு, கட்டடத்தடியிலிருந்து இன்னும் இரண்டு கல் எடுத்துவரச் சொன்னாள்.